சிப்பியேந்தல் மேகத்தில் நின்ற ஊர்ப்பெயர்

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் கிட்ட. தள்ளி இருந்து கேட்டால் சொல்லில் பாதியைக் காற்று கொண்டுபோய்விடும். காற்று கொண்டுபோன சொல் எங்கே ஏறும், யார் தலையில் இறங்கும் என்பதில் எங்கள் ஊர் பட்ட பாடு போதும்.

எங்கள் ஊர் சிப்பியேந்தல். கிழக்கே கடல், மேற்கே உப்பளம், நடுவில் எழுபத்திரண்டு வீடு, குடிக்க ஒரே ஒரு ஊருணி. கடலும் உப்பு, மண்ணும் உப்பு, மேலில் வடிகிற வேர்வையும் உப்பு, ஊருணித் தண்ணீர் ஒன்றுதான் வாயில் வைக்க ஆகும். அங்கே ஒரு வழக்கம் உண்டு. விறகடுப்புப் பற்றவைக்கும்போது நாங்கள் சும்மா ஊத மாட்டோம். ஊதுகுழலை வாயில் வைப்பதற்கு முன்னால் நெருப்புக்கு ஒரு சொல் சொல்லுவோம். மந்திரம் ஒன்றும் இல்லை, அன்றைக்கு நெஞ்சில் எது மேலாகக் கிடக்கிறதோ அது. முழங்கால் விட்டுப்போச்சு என்பாள் ஒருத்தி, இவன் குடியை நிறுத்தினால் அம்மனுக்கு மாவிளக்குப் போடுவேன் என்பாள் இன்னொருத்தி. சொல் கேட்காத அடுப்பு கண்ணைக் கரிக்கும், சோறு குழையும் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. கேஸ் அடுப்பு எல்லா வீட்டிலும் இருக்கிறது, டீப் போட, விருந்தாளி வந்தால் பெருமைக்குப் பற்றவைக்க. சோறு என்றால் உடைமுள் விறகுதான், உப்பளத்து ஓரமெல்லாம் சும்மா கிடக்கிறது. மனுசரிடம் சொல்ல முடியாததை நெருப்பிடம் சொல்லி உலையை வைத்தால் பாரம் இறங்கும். நெருப்பு போய் யாரிடமும் சொல்லாது என்று நம்பியிருந்தோம்.

முதலில் வந்தது மேகம்தான், பிளேன் அப்புறம். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு, பிளேன் வந்துதான் எல்லாம் கெட்டது என்று இன்றைக்கும் ஊரில் பாதிப் பேர் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணுவார்கள். ஆவணி கடைசியில், மீன்பிடி வல்லம் ஒரு மணி நேரத்தில் போய்ச்சேருகிற தூரத்தில், கடலை இடிக்கிற மாதிரி அவ்வளவு தாழ்வாக, ஒரு மேகம் வந்து நின்றது. மற்ற மேகங்கள் போல வந்து போகவில்லை, கட்டுத்தறியில் மாடு நிற்பது போல நின்றது. காலையில் மேல்காற்று அடிக்கும், எங்கள் அடுப்புப் புகையெல்லாம் அதில் ஏறிக் கடலுக்குப் போய் அந்த மேகத்துக்குள் நுழையும். மத்தியானம் கடலிலிருந்து கொண்டல்காற்று திரும்பும், மேகத்தின் ஓரம் பிய்ந்து கரைக்கு வந்து கூரைகளில் நாலு துளி போடும். அந்தத் துளிகளில் எங்கள் சொற்கள் இருந்தன.

முதல் சொல் டீக்கடைக்காரர் பெண்டாட்டியுடையது. தனியாகக் குச்சில் குடிசையில் இருந்த அவள் மாமியார் வாசலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தபோது தகரத்தில் ஒரு துளி விழுந்து உடைந்தது, உடைந்த இடத்திலிருந்து மருமகளின் குரல், அவளுக்கே உரிய செருமலோடு, இந்தக் கிழவி தின்கிற தீனிக்கு ரெண்டு எருமை வளர்த்திருக்கலாம் என்று சொன்னது. சொல்லி முடித்ததும் அது வெறும் தண்ணீராகிக் கூரையில் வழிந்துவிட்டது. கிழவி உலக்கையை நிறுத்தாமல் மேலே பார்த்து, எருமை வளர்த்தால் சாணி அள்ளணும்ட்டி, என்னை வளர்த்தால் அதாவது மிச்சம் என்று பதில் சொல்லிவிட்டு வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த பத்து நாளில் இருபது வீட்டில் விழுந்தது. ஒரு துளிக்கு ஒரு சொல், ஒரு தடவைதான் கேட்கும், சொன்னவர் குரலிலேயே கேட்கும். சொன்னவர் கூரையில் மட்டும் அது விழாது. எந்தக் காது கேட்கக்கூடாது என்று நினைத்துச் சொன்னோமோ அந்தக் காதைத் தேடிப் போய் விழும். ஊரில் இதைக் கண்டு யாரும் மயங்கி விழவில்லை. சனங்கள் செய்ததெல்லாம் கூரையில் சாக்கு விரித்ததும் வைக்கோல் பரப்பியதும்தான், துளி மெத்தென்று விழுந்தால் சத்தம் அமுங்கும் என்று. மழை தூறும் நேரத்தில் அடுத்த வீட்டு இறவாணத்தடியில், கூரை விளிம்புக்குக் கீழே, போய் நிற்பவரைக் காரியமாக வந்தவர் என்று யாரும் நம்பவில்லை. ஒரு நிச்சயதார்த்தம் முறிந்தது. ஆறு வருசம் பேசாதிருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒருவன் சொல் மற்றவன் கூரையில் விழுந்து, பேசிக்கொண்டார்கள், பேசிய மூன்றாம் நாள் மறுபடி முறைத்துக்கொண்டார்கள். என் கூரையிலும் ஒன்று விழுந்தது. அது யார் சொன்னது என்று உங்களுக்குத் தேவையில்லை.

பயந்துபோய் ஊர் வாயை மூடியது. பெண்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு அடுப்பு ஊதினார்கள், அடுப்பெல்லாம் புகைந்து ஊரே கண் சிவந்து திரிந்தது. அப்படியும் யாராவது ஒருத்தி வாய் தவறி ஒரு சொல் விட்டுவிடுவாள், பழகிய வாய் அல்லவா. அந்த ஒரு சொல், முன்னே விழுந்தது போல மிளகு அளவில் விழாமல், கோலிக்குண்டு அளவில் கனத்து விழுந்தது. எவ்வளவுக்கு வாயை மூடினோமோ அவ்வளவுக்கு விழுகிற சொல் பெருத்தது. சாக்கு விரித்தும் நாலு வீட்டுக்குக் கேட்டது, ஒரு வீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு கீறியே போனது. ஏன் இப்படி என்று யாருக்கும் விளங்கவில்லை. பயந்தவன் இன்னும் இறுக்கி மூடுவான், அதைத்தான் செய்தோம்.

இப்போது சந்தணமாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உப்பு வாருகிறவள், புருஷனைப் பாம்புக்குக் கொடுத்தவள், ஒரே மகள் பிரம்மசக்தி. அந்த மகள் ஆடி மாசத்தில், அளத்துக்கு உப்பு ஏற்ற லாரி கொண்டுவந்த பையனோடு போய்விட்டாள். அவன் நம்மவன் இல்லை. எந்த ஊரில் குடியிருக்கிறார்கள் என்பது உலகத்தில் தாய் ஒருத்திக்குத்தான் தெரியும், அதுவும் போனில் ஒரே ஒரு தடவை மகள் சொன்னது. அதைத் தெரிந்துகொள்வதற்காகத் தாடி வளர்த்துக்கொண்டு இருந்தவர் சந்தணமாரியின் கூடப்பிறந்த அண்ணன் கொம்பையா. அளத்தில் கங்காணி, வெள்ளை வேட்டி கசங்காத மனுசர், தங்கச்சி மகளைத் தோளில் தூக்கிக் கோவில்கொடை பார்க்கக் கூட்டிப்போனவர்தான். வெட்டரிவாளைச் சாணை பிடித்துக் கட்டில் தலைமாட்டில் தொங்கவிட்டிருந்தார். அவள் இருக்கிற ஊர் தெரிந்த அன்றைக்குத் தாடியை எடுப்பேன் என்று கோவில் முன்னால் சொல்லியிருந்தார். தாடியை மட்டுமா எடுப்பார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

சந்தணமாரி என்ன செய்திருந்தாள் என்றால், மேகம் வந்த மறுநாள், அது என்ன மேகம் என்று ஒருவருக்கும் தெரியாதபோது, நெஞ்சில் மேலாகக் கிடந்ததை வழக்கம்போல நெருப்பிடம் சொல்லியிருந்தாள். என் பிள்ளை இன்ன ஊரில் இருக்கிறாள், நீதான் காபந்து பண்ணணும் என்று சொல்லி ஊதியிருந்தாள். அந்த ஊர்ப்பெயர் எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். அது விழவில்லை. மேலே நின்றது. நின்றது என்றால் விழப்போகிறது என்று அர்த்தம், யார் கூரையில் விழும் என்பதற்கு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

கொம்பையாவுக்கும் அது தெரிந்திருந்தது. ஊரெல்லாம் கூரையில் சாக்குப் போட, அவர் ஒருவர்தான் கூரையில் கிடந்த பழைய ஓலையைக்கூட அள்ளிப்போட்டுத் தகரத்தைத் துடைத்து வைத்தார். சத்தம் போடுகிறது என்று சேவலை அறுத்துக் குழம்பு வைத்தார். மத்தியானச் சோறு ஆனதும் முற்றத்தில் கட்டிலைப் போட்டு, கொண்டல் திரும்புவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். தேடி அலைய வேண்டியதில்லை, பொறுத்திருந்தால் போதும் என்கிற மனுசனின் பொறுமை இருக்கிறதே, அதைப் போலப் பயமுறுத்துவது எதுவும் இல்லை.

இந்த நேரத்தில்தான் பிளேன் வந்தது. வெள்ளையாக, சின்னதாக, இரண்டு விசிறி வைத்தது, இறக்கைக்கு அடியில் பீர்க்கங்காய் தொங்குகிற மாதிரி குழாய்கள். தினமும் காலை பத்தரைக்கு வரும். மேகத்துக்கு அடியில் ஒரு தடவை, உள்ளே நுழைந்து ஒரு தடவை, மேலே ஏறி ஒரு தடவை, சாக்குத் தைக்கிற ஊசி மாதிரிக் குத்திக் குத்திப் போகும். அந்தப் பத்தரைக்கு அதற்கும் மேலே, கண்ணுக்கு எட்டாத உயரத்தில், ஒரு செயற்கைக்கோள் கடந்து போகிறதாம். பிளேன் மேகத்தின் உள்ளே இருந்து ருசி பார்க்கும், அது மேலே இருந்து நிறம் பார்க்கும், இரண்டு பேர் சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று கீழே உட்கார்ந்து ஒருவர் சரிபார்ப்பார். அதற்காகப் புயல் காப்பகத்து மாடியில் ஒரு பெட்டியை வைத்து, காற்றை உறிஞ்சுகிற குழாயைப் பொருத்தி, யோகேஸ்வரி என்கிற கோவில்பட்டிப் பக்கத்துப் பெண் வந்து தங்கினாள். புகையும் தூசியும் கடல்மேகத்தை என்ன செய்கிறது என்று அளக்கிறோம் என்று ஊர்த்தலைவரிடம் சொன்னாள்.

அவள் சொன்னதை யார் நம்புவார்கள். தூசியை அளக்க யாராவது பிளேன் அனுப்புவானா என்றார் டீக்கடைக்காரர். சொல்லை உறிஞ்சிக் குப்பியில் அடைக்கிறார்கள், யார் என்ன சொன்னார் என்று ரேசன் கார்டு நம்பரோடு எழுதுகிறார்கள் என்றது ஒரு கட்சி. இல்லை, நம் மேகத்தைப் பஞ்சுப்பொதி மாதிரி இழுத்துப்போக நூல் கட்டுகிறார்கள் என்றது இன்னொரு கட்சி. பூசாரி இரண்டு கட்சிக்கும் தலையாட்டினார். பிளேன் சத்தம் கேட்டால் பெண்கள் சேலைத்தலைப்பால் வாயை மூடினார்கள், ஆண்கள் முதுகைக் காட்டி நின்றார்கள். அந்தப் பெண்ணும் எங்களைச் சந்தேகப்பட்டாள், அதையும் சொல்ல வேண்டும். எழுபத்திரண்டு வீட்டு அடுப்பில் இவ்வளவு புகைத்தூசி வராதே, கள்ளத்தனமாக எதை எரிக்கிறீர்கள் என்று வீடு வீடாக வந்து அடுப்புச் சாம்பலைக் கிளறிப் பார்த்தாள். அவள் தலைக்கு மேலும் தூறல் விழுந்தது, அவளுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவள் கேட்கக்கூடாது என்று யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை, சொல்லுக்கு அவளிடம் என்ன வேலை.

அவளுக்கு மத்தியானச் சோறு கொண்டுபோய்க் கொடுக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. யாரும் போகவில்லை. சந்தணமாரி போனாள். ஊர் அதையும் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தது.

சோறு போட்டுவிட்டு அவள் சும்மா வரவில்லை. பாத்திரம் கழுவுகிற சாக்கில் நின்று நின்று கேட்டாள், கேட்டதைக் கையோடு இன்னொரு கேள்வியாகத் திருப்பினாள். மேகத்துக்குள் ஏன் தூசி போகணும், தூசி இல்லாமல் துளி வராதா என்று ஒரு நாள் கேட்டாள். துளி தங்குவதற்கு ஒரு பொடி வேண்டும், உப்போ புகையோ ஏதோ ஒன்று, அதைப் பிடித்துக்கொண்டுதான் தண்ணீர் உருளும் என்றாள் யோகேஸ்வரி. பொடி கூடினால் என்ன ஆகும் என்று மறுநாள் கேட்டாள். அந்தப் பெண் கையில் அப்போது மோர்ச் சொம்பு இருந்தது.

"இந்த ஒரு சொம்பு மோரை நாலு பேருக்கு ஊத்தினா ஆளுக்கு வயிறு நிறையும். நானூறு பேருக்கு ஊத்தினா நாக்குதான் நனையும். மேகத்துல இருக்கிற தண்ணி அதேதான் அக்கா. பொடி கூடக்கூடத் துளி சின்னதாயிரும். சின்னத் துளிக்குக் கனம் இல்ல, விழாது, மேலயே நிக்கும். வெயில் பட்டா வெள்ளை வெளேர்னு தெரியும்."

"பொடி கொறைஞ்சா?"

"இருக்கிற பொடிக்கெல்லாம் தண்ணி ஊறி ஊறிப் பெருத்து, கனம் தாங்காம விழுந்திரும்."

சந்தணமாரி சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாள். வந்த வழியிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது, இந்த மேகத்துக்குப் பொடி புகையில் ஏறுகிற எங்கள் சொல்தான். வாயை மூட மூடச் சொல் ஏன் கனத்தது என்று எழுபத்திரண்டு வீட்டில் யாருக்கும் விளங்காதது, உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு நின்றவளுக்கு விளங்கியது. அன்று சாயங்காலம் ஊருணிக்கரையில் பெண்களிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். பேசாமல் இருப்பதால்தான் விழுகிறது, வாய் ஓயாமல் பேசுங்கள், அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து கண்டதையும் பேசுங்கள், ஒன்றும் விழாது.

நம்பவில்லை. இவள் மகள் காரியத்தில் ஏதோ சூழ்ச்சி பண்ணுகிறாள் என்றார்கள், அது உண்மையும்தான். ஆனால் புகையில் கண் அவிந்துபோயிருந்த டீக்கடைக்காரர் பெண்டாட்டி அன்றைக்குப் பேசிப் பார்த்தாள். அவள் சொல் எதுவும் விழவில்லை. மறுநாள் பத்து வீடு பேசியது, அதற்கு மறுநாள் ஊரே பேசியது. அந்தப் பேச்சை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். உப்புப் பாத்தியின் எண்ணிக்கையை அடுப்பிடம் ஒப்பித்தார்கள், பஸ் போகிற ஊர்களை வரிசையாகச் சொன்னார்கள், மீன் பெயர் சொன்னார்கள், செத்தவர் பெயர் சொன்னார்கள், கொழுந்தியாள் கல்யாணத்தில் வைத்த கூட்டுப்பொரியல் சொன்னார்கள், ஒன்றும் இல்லாதவர்கள் ஒன்றும் இல்லை ஒன்றும் இல்லை என்று சொன்னார்கள். ஆண்களும் அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தார்கள், வந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. புகை ஏறியது, சொல் ஏறியது, மேகம் சலவைக்குப் போய்வந்த வேட்டி மாதிரி வெளுத்தது. ஒரு துளி விழவில்லை. ஒரு சொல் கேட்கவில்லை. இந்தக் கரையிலேயே வெள்ளையான மேகம் உங்கள் மேகம்தான், செயற்கைக்கோள் படத்தில் பல்லி முட்டை மாதிரிப் பளிச்சென்று தெரிகிறது என்று யோகேஸ்வரி படத்தைக் காட்டினாள். காட்டிவிட்டு, இப்போதாவது உண்மையைச் சொல்லுங்கள், எதை எரிக்கிறீர்கள் என்று கேட்டாள்.

கொம்பையா கட்டிலில் உட்கார்ந்து காத்திருந்தார். புரட்டாசி முழுக்கக் காத்திருந்தார். தகரம் காய்ந்து கிடந்தது.

ஐப்பசி பிறந்தது. உப்பு அம்பாரங்களை ஓலை போட்டு மூடிவிட்டு நாங்கள் மழைக்கு அண்ணாந்து பார்க்கிற மாசம் அது. சுற்றுப்பட்டி எல்லாம் மழை. எங்களுக்கு மட்டும் அந்த வெள்ளை மேகம் குடை பிடித்த மாதிரி நின்றது. ஊருணி வற்றிச் சேறாகி, சேறு வெடித்து, வெடிப்பில் நண்டு ஓடியது. குடி தண்ணீர் லாரி வாரம் ஒரு தடவை வந்தால் அதிர்ஷ்டம், வந்த அன்று குடத்தால் மண்டை உடையும். டீக்கடைக்காரர் கடல் தண்ணீரைக் கலக்கிறார் என்று ஊர் சந்தேகப்பட்டது. அவர் அதை மறுக்கவும் இல்லை.

ஒரு நாள் கொம்பையா கசங்காத வேட்டியோடு புயல் காப்பகத்து மாடிப்படி ஏறினார். தாயி, எங்கள் மேகம் மட்டும் ஏன் பெய்ய மாட்டேன் என்கிறது என்று பணிவாகக் கேட்டார். அந்தப் பெண் என்ன செய்வாள், கேட்டவருக்கெல்லாம் சொல்வதுதானே அவள் வேலை. மோர்ச் சொம்பை எடுத்தாள். இறங்கி வந்தவர் நேரே கோவிலடிக்குப் போய் ஊர்க்கூட்டம் போடச் சொன்னார்.

கூட்டத்தில் அவர் தங்கச்சி மகள் பேச்சையோ தங்கச்சி பேச்சையோ எடுக்கவில்லை. தண்ணீர்ப் பேச்சுத்தான் பேசினார். மூன்று நாள் ஊரில் எந்த வீட்டிலும் விறகு எரியக்கூடாது, அளத்தில் குப்பை கொளுத்தக்கூடாது, சிலிண்டரில் கேஸ் மிச்சம் உள்ளவர் கேஸில் பொங்குங்கள், இல்லாதவர் பழைய நீச்சோறு குடியுங்கள். பொடி குறைந்தால் மேகம் தானாக உடையும், ஊருணி நிறையும் என்றார். ஒருவரும் மறுக்கவில்லை. நாக்கு வறண்டவர்கள் எதை மறுப்பார்கள். சந்தணமாரி தூணோரமாக நின்றிருந்தாள். மறுத்து ஒரு வார்த்தை சொன்னால் ஊர்ப்பெயர் மேலே இருக்கிறது என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டது மாதிரி. அண்ணன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் சரிதானே என்று தலையாட்டினாள். அவளுக்கும் தாகம் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

முதல் நாள் அடுப்புகள் அணைந்தன. சிப்பியேந்தலில் புகை இல்லாத காலையை அன்றுதான் பார்த்தோம், மொட்டையடித்த தலை மாதிரி இருந்தது ஊர். மேகம் ஒரு சாயல் மங்கியது. இரண்டாம் நாள் அதன் அடிவயிறு கறுத்தது. பிளேன் அன்று இரண்டு தடவை வந்தது, யோகேஸ்வரி மாடியில் நின்று போனில் கத்திக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் காலையில் சந்தணமாரி, சோற்றுத் தூக்கை வெறுமனே கையில் பிடித்துக்கொண்டு, வீடு வீடாகப் போனாள். ஒவ்வொரு வீட்டிலும் வாசலில் நின்று ஒரே ஒரு வாக்கியம்தான். உங்கள் வீட்டுச் சொல் ஒன்று மேலே நன்றாக ஊறி நிற்கிறதாம், இன்றைக்கு இறங்குமாம், பிளேன்காரப் பிள்ளை சொன்னது, என்ன சொல் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை மதினி. அவ்வளவுதான். அடுத்த வீடு. யோகேஸ்வரி அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒரு வீட்டிலாவது, எங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் இல்லையே என்றார்களா என்றால், இல்லை. எழுபது வீட்டிலும் முகம் வெளிறியது. பூசாரி கதவைச் சாத்திக்கொண்டார். ஊர்த்தலைவர் எந்த மாசம் சொன்னது என்று மட்டும் கேட்டார். என் வாசலுக்கும் வந்தாள். நான் உள்ளே போய்ச் செம்புத் தவலையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

கடைசி வீடு கொம்பையா வீடு. மூன்று மாசமாக மிதிக்காத முற்றம். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், தலைமாட்டில் அரிவாள். தங்கச்சியைப் பார்த்ததும் காலை மடக்கி உட்கார இடம் விட்டார், பழக்கம். அவள் உட்காரவில்லை. மற்ற வீட்டில் சொன்னதையே சொன்னாள்.

"என் சொல்லா? நான் என்ன சொல்லியிருக்கேன்?"

"அது எனக்கெப்படித் தெரியும் அண்ணே. சொன்னவுகளுக்குத்தான தெரியும்."

கொம்பையா வானத்தைப் பார்த்தார். அப்புறம் அடுக்களைப் பக்கம் பார்த்தார், பெண்டாட்டி செத்ததிலிருந்து அவரே பொங்கித் தின்கிற அடுக்களை. தாடியைத் தடவிய கை தாடியிலேயே நின்றுபோனது. அவள் திரும்பி நடந்தாள்.

மத்தியானம் கொண்டல் திரும்பியது. மேகம், கட்டு அறுந்த மாடு மாதிரி, கரையைப் பார்த்து நடந்து வந்தது. எல்லா வீட்டிலும் குடம், அண்டா, வாளி, சட்டி என்று இருக்கிறதையெல்லாம் இறவாணத்தடியில் நிமிர்த்தி வைத்திருந்தோம். இலந்தைப்பழம் அளவில் முதல் துளி விழுந்தது, யாரோ ஒருவர் குரலில் யாரோ ஒருவர் பெயரைச் சொல்லத் தொடங்கியது, அவ்வளவுதான், எந்த வீட்டிலிருந்து முதலில் ஆரம்பித்தது என்று தெரியாது, குடத்தைக் கவிழ்த்துப்போட்டு அகப்பையால் அடிக்கிற சத்தம் கேட்டது. அடுத்த வீட்டில் தாம்பாளம். அதற்கடுத்து அண்டா. பிடித்து வைத்தால் தண்ணீர், கவிழ்த்து அடித்தால் சத்தம், இரண்டும் ஒரே பாத்திரத்தில் முடியாது. மூன்று நாள் அரைப்பட்டினி கிடந்து வரவழைத்த மழையை முற்றத்தில் ஓடவிட்டுவிட்டு எழுபத்தோரு வீடும் பாத்திரத்தை அடித்தது. பூசாரி கோவில் மணியை இழுத்தார். ஊர்த்தலைவர் மகன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி வைத்து முறுக்கினான். நானும் அடித்தேன், தவலையில் இன்றைக்கும் அந்த நசுங்கல் இருக்கிறது. மேலேயிருந்து எத்தனையோ சொல் இறங்கியது, ஒருவர் சொல்லும் ஒருவருக்கும் கேட்கவில்லை. மாடியில் யோகேஸ்வரி காதைப் பொத்திக்கொண்டு, மழை பெய்தால் இந்த ஊரில் இப்படி ஒரு சடங்கு போல என்று தன் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

சந்தணமாரி தன் வீட்டில் இல்லை. அவள் வீட்டுக் கூரை கேட்க ஆளில்லாமல் நனைந்துகொண்டிருந்தது, அதில் அன்று யாருடைய சொல் விழுந்ததோ, அது என்ன சொன்னதோ, தெரியாது. அவள் அண்ணன் வீட்டு முற்றத்தில் நின்றாள். எங்கே விழும் என்று தெரிந்த சொல்லுக்கு எதிரே போய் நிற்பதுதானே புத்தி.

கொம்பையா அடித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் டின் ஒன்றைக் கவிழ்த்து இடது கையால் அணைத்து, வலது கையில் அரிவாளைத் திருப்பிப் பிடித்து அதன் பிடியால், ஊரில் யாரும் அடிக்காத அடியாக அடித்தார். வேட்டி நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. தாடியில் தண்ணீர் வடிந்தது. இரண்டு மாசமாக எந்தத் துளிக்குச் சேவலை அறுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாரோ அந்தத் துளி வருகிற நேரத்தில், தன் சொல் வெளியே கேட்டுவிடக்கூடாது என்று அவரே ஊரைச் செவிடாக்கிக்கொண்டிருந்தார். அது என்ன சொல் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. தங்கச்சி வந்து பக்கத்தில் நின்றதைப் பார்த்தார், அடியை நிறுத்தவில்லை.

அவள் அண்ணாந்து நின்றாள். கண்ணுக்குள் மழை விழுந்தும் இமைக்கவில்லை. அவ்வளவு சத்தத்துக்குள்ளும் பெற்றவளுக்குத் தன் குரல் தெரிந்தது. மேலேயிருந்து, நெல்லிக்காய் அளவில் கனத்து, உடையும் முன்னமே என் பிள்ளை என்று தொடங்கிக்கொண்டு அது இறங்கியது. தகரத்தின் விளிம்பை நோக்கி வந்தது. சந்தணமாரி ஒரு எட்டு முன்னால் வைத்து, கழுத்தை நீட்டி, வாயைத் திறந்தாள். ஊர்ப்பெயர் அவள் நாக்கில் விழுந்து உடைந்தது. வாயை மூடினாள். விழுங்கினாள்.

கொம்பையாவின் கை அப்படியே நின்றது.

"என்ன விழுந்துச்சு தங்கச்சி?"

"மழைத்தண்ணி அண்ணே. தித்திப்பாத்தான் இருக்கு."

சொல்லிவிட்டு, அவர் கையிலிருந்த டின்னை வாங்கி, சேலைத்தலைப்பால் உள்ளே ஒரு துடைப்புத் துடைத்து, இறவாணத்தடியில் நிமிர்த்தி வைத்தாள்.